ஐந்து மெஷினும் ஒரு கையும்

டாக்டர் ஏவ்லினுக்கு மனிதர்களைவிடக் கட்டம் போட்ட தாள்களைத்தான் பிடிக்கும் என்று அவருடைய ஆய்வு மையத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பொல்லாப்பு. அவருக்கு மனிதர்களையும் பிடிக்கும். கட்டத்துக்குள் வந்துவிட்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சம் என்ன செய்தது என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவருடைய அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்து, மாதம் பிறந்தால் பென்ஷன், மதியம் மீன், மாலையில் கடற்கரை நடை என்று வாழ்ந்தவர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்வார்களோ அதை அண்ணன் பிரூனோ செய்தான்: பதினெட்டு வயதில் விமானம் ஏறினான், பிறகு கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வந்தான். ஏவ்லினும் ஏறினார். மருத்துவம் முடித்த கையோடு பிரெஞ்சு நகரமான மோன்பெலியே போய், நோய்கள் ஊருக்குள் எப்படிப் பரவுகின்றன என்ற படிப்பை இரண்டு வருடம் படித்தார். பிறகு சொந்தக்காரர்கள் எல்லாரும் மூக்கில் விரல் வைக்கும்படி திரும்பி வந்துவிட்டார்.

“அங்க இன்னா இல்லன்னு இங்க வந்த?” என்று அப்பா கேட்டார்.

“யானைக்கால் இல்ல பப்பா.”

அதற்குப் பிறகு அப்பா இரண்டு நாள் அவரோடு பேசவில்லையாம்.

அந்த நாளில் இந்த ஊரில் யானைக்காலுக்குப் பஞ்சமே இல்லை. தேங்கிய சாக்கடையில் கொசு, கொசுக்கடியில் புழு, புழுவால் வீக்கம். தொண்ணூறுகளின் கடைசியில் ஏவ்லின் முதலியார்பேட்டைத் தெருக்களில் வீடு வீடாகப் போய், வீங்கிய கால்களை நாடாவால் அளந்து, தினமும் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைக்கச் சொல்லிக்கொடுத்து, மறு வருடம் மறுபடி அளந்துவர ஆரம்பித்தார். சொல்ல எளிது. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் எந்தப் பெண் புடவையைத் தூக்கிக் காலைக் காட்டுவாள்? முதல் மாதம் பாதிக் கதவு திறக்கவே இல்லை.

திறக்க வைத்தவர் பக்கிரி. மில்லில் ஆள் குறைத்தபோது வெளியே வந்த தறித் தொழிலாளி. பை தூக்க ஒரு ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டு வந்தவர், பையைத் தூக்கியதோடு நிற்கவில்லை. அந்தத் தெருக்களில் பாதிக் குடும்பம் மில் குடும்பம். வாசலில் நின்று குரல் கொடுப்பார்.

“யக்கா, நாந்தான் தறி செக்‌ஷன் பக்கிரி. அண்ணன் ரெண்டாவது ஷிப்டு, தெரியும். டாக்டரம்மா ஊசி போட வரல. காலு எவ்ளோ சுத்தளவுன்னு பாத்துட்டுப் போயிடுவாங்க. தையக்காரன் அளவெடுக்க மாட்டானா, அது மாரி.”

கதவு திறக்கும். சில வீடுகளில் மோரும் கிடைக்கும்.

மூன்றாவது வருடம் பட்டியலை எடுத்துக்கொண்டு போனபோது அதில் பதினோரு பேர் இல்லை. யானைக்கால் ஆளைப் படுத்தும், ஆனால் கொல்லாது. ஏவ்லின் ஒன்றும் புரியாமல் தெருமுனையில் நின்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கிரிக்குக் குழப்பமே இல்லை.

“எல்லாம் ப்ரெஷரும்மா. ஒரு பக்கம் இழுத்துக்கும், நாலு நாளு பெரியாஸ்பத்திரி, அப்பறம் வாசல்ல பந்தலு. நீங்க காலையே பாத்துனு இருக்கீங்க.”

ஏவ்லினுடைய பெரிய வேலை, வெளிநாட்டுக் கூட்டங்களில் அவர் மேடையேறிப் பேசிய அந்த ரத்த அழுத்த ஆய்வு, பை தூக்குகிறவர் சொன்ன இந்த வார்த்தையிலிருந்துதான் பிறந்தது. அவரே அதை மறைத்ததில்லை. ஆய்வறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் ‘பி. பக்கிரி’ என்று போட்டிருக்கிறார், இருபத்து மூன்று பெயர்களில் ஒன்றாக.

2003 தை மாதம் வேலை தொடங்கியது. யானைக்கால் உள்ளவர்களும் இல்லாதவர்களுமாக நகரத்தில் மூவாயிரம் பேர். வருடத்துக்கு ஒரு முறை வீட்டுக்கே போய் அழுத்தம் பார்ப்பது. இப்படி நான்கு வருடம். மேல் எண் நூற்று நாற்பதையோ கீழ் எண் தொண்ணூறையோ தொட்டால் அங்கேயே ஒரு சிவப்புச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்து, மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும். “சீட்டுக் குடுக்காம ஒரு வாசப்படிய தாண்டினீங்க, அப்பறம் என் மூஞ்சியில முழிக்காதீங்க” என்று ஏவ்லின் சொல்லிவைத்திருந்தார். இந்த விஷயத்தில் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர். சாரம் பகுதியில் ஒரு கிழவருக்குச் சீட்டுக் கொடுக்க மறந்துவிட்டார்கள் என்று, கொட்டுகிற மழையில் ஆட்டோ பிடித்துத் தானே போய்க் கொடுத்துவிட்டு வந்தவர்.

மையத்தில் வேலை செய்கிறவர்கள் மட்டும் ஆய்வில் சேரக் கூடாது. கணக்கில் ஒருதலைச் சாய்வு வந்துவிடும். அதுவும் ஏவ்லின் போட்ட விதிதான்.

அழுத்தம் பார்க்க நான்கு பேட்டரி மெஷின்கள் இருந்தன, பாதரசம் வைத்த பழைய கருவி ஒன்றும் இருந்தது. மெஷின் என்றால் நாளாக ஆகக் கோளாறு செய்யும். ஒன்று கூட்டிக் காட்டும், ஒன்று குறைத்துக் காட்டும். அதனால் தினமும் காலை எட்டரை மணிக்கு, தெருவுக்குக் கிளம்புமுன், ஐந்தையும் ஒரே ஆளுடைய ஒரே கையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிப் பார்ப்பார்கள். ஐந்தும் ஏறக்குறைய ஒரே எண்ணைச் சொன்னால் மெஷின்கள் சரி. வித்தியாசம் நான்கைத் தாண்டினால் அந்த மெஷின் அன்றைக்கு வெளியே போகாது.

அந்த ஒரே ஆள் பக்கிரி. அந்த ஒரே கை அவருடைய வலது கை.

எட்டு மணிக்கே வந்து மேஜையோர நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, கையை மேஜைமேல் நீட்டி வைத்துக்கொள்வார். அளந்து எழுதுகிறவர் வடிவேல் என்ற டெக்னீஷியன். நீல அட்டை நோட்டில் தேதி, ஐந்து மெஷினின் எண்கள், கடைசியில் ‘வித்தியாசம்’. முதல் பக்கத்தின் தலையில் மட்டும் ‘ஆள்: பக்கிரி’ என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கத்திலிருந்து அதுவும் இல்லை. தினமும் அதே ஆள்தானே, எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டார்கள். சனிக்கிழமை சனிக்கிழமை ஏவ்லின் அந்த நோட்டை வாங்கி, வித்தியாசக் கட்டத்தில் விரலை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடுவார். நான்கு வருடம் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. தவறியிருந்தாலாவது சாக்குச் சொல்லலாம்.

பக்கிரிக்கு இதில் பெருமை உண்டு. அழுத்தம் பார்க்கப் பயந்து கதவைச் சாத்துகிறவர்களிடம் கையைத் தூக்கிக் காட்டுவார்.

“இந்தக் கைய பாரு. டெய்லி அஞ்சு மெஷினு கட்டறாங்க. எனக்கு எதுனா ஆயிருக்குதா? குத்துக்கல்லு மாரி நிக்கல?”

சனங்கள் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார்கள். நானூற்றுச் சொச்சம் சிவப்புச் சீட்டுகளை அவர் கையாலேயே கொடுத்திருக்கிறார்.

2007-இல் மாசி மகத்துக்கு மறுநாள் காலை அவர் வேலைக்கு வரவில்லை. வீட்டுக் குழாயடியில் குடத்தோடு விழுந்துவிட்டார் என்று ஒன்பது மணிக்குத் தகவல் வந்தது. ஏவ்லின் ஓடினார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டிருந்தது; வாய் கோணி, பேச்சு போயிருந்தது. வார்டுக்கு வெளியே பக்கிரியின் மனைவி மணியம்மாள், நனைந்த புடவையை மாற்றக்கூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

“நேத்துகூட நல்லாதானே இருந்தாரு டாக்டரம்மா? இது முன்னாடியே தெரியாதா?”

ஏவ்லின் அந்த அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். “இது சொல்லிக்காம வர்ற நோவு மணியம்மா. யாருக்கும் முன்கூட்டித் தெரியாது” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் சொன்னது யார் என்று பாருங்கள். இந்த நோய் சொல்லிக்கொண்டுதான் வருகிறது, நாம்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவர்.

உயிர் தப்பியது. மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். காலை இழுத்து இழுத்து நடக்க வந்தது. கையும் பேச்சும் திரும்பவில்லை. காலையில் மெஷின்களைப் பார்க்க வடிவேல் தன் கையையே கட்டிக்கொள்ள ஆரம்பித்தார். வேலை நடந்தது.

ஆனி மாதம், ஏவ்லின் அனுப்பியிருந்த ஆய்வுக் கட்டுரையைப் பற்றி ஒரு மருத்துவப் பத்திரிகையிலிருந்து கேள்வி வந்தது. நான்கு வருடத்தில் நகரத்து மக்களின் அழுத்தம் ஏறியிருக்கிறது என்கிறீர்களே, ஏறியது மக்களா, உங்கள் மெஷின்களா? மெஷின்கள் சரியாக இருந்தன என்பதற்குச் சான்று காட்டுங்கள். நியாயமான கேள்வி. ஏவ்லினுக்குச் சந்தோஷம்கூட. நீல நோட்டு இருக்கிறதே! கட்டுரைக்கான கணக்கு முடிந்த மாசி வரைக்குமான ஆறு நோட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு நாள் உட்கார்ந்து, வித்தியாசத்தை மட்டுமல்லாமல் எல்லா எண்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றிப் படம் போட்டார்.

திரையில் நான்கு மெஷினின் நான்கு கோடுகள் வந்தன. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, நான்கும் ஒன்றாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. 2003-இல் நூற்று இருபத்தெட்டு. மறு வருடம் நூற்று முப்பத்தொன்பது. பிறகு நூற்றைம்பது. போன வருடம் நூற்று அறுபத்து மூன்று. மாசியில் நூற்று எழுபத்தாறு.

நான்கு மெஷினும் சேர்ந்து கெட்டுப்போயிருக்கிறது! மூவாயிரம் பேருக்கும் தப்புக் கணக்கு, நான்கு வருட உழைப்பும் குப்பை. ஐந்தாவது கோட்டையும் போட்டார். பாதரசக் கருவி பொய் சொல்லாது. அந்தக் கோடும் மற்ற நான்கோடு ஒட்டிக்கொண்டு, அதே ஏற்றத்தில் ஏறியது.

ஏவ்லினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மெஷின்களில் கோளாறு இல்லை. நாற்காலியில் சாய்ந்து, ஃப்ளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டு, பாதி டம்ளர் குடித்தார். நன்றாக இருந்தது அந்தக் காபி. அதைத்தான் பிற்பாடு அவரால் மன்னிக்க முடியாமல் போனது: அந்தப் பாதி டம்ளர் நேரம் அவர் சந்தோஷமாக இருந்தார்.

மெஷின் ஏறவில்லை என்றால் ஏறியது எது?

டம்ளரை வைத்தார். முதல் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார். ஆள்: பக்கிரி.

வடிவேலைக் கூப்பிட்டார். திரையைப் பார்த்ததும் வடிவேலின் முகம் செத்துப்போனது.

“நூத்தி எழுபதுன்னு எழுதும்போது உங்களுக்கு ஒண்ணும் தோணலையா வடிவேல்?”

“அஞ்சும் ஒண்ணா இருக்குதான்னுதான் மேடம் பாப்போம். ஒரு வாட்டி பக்கிரி அண்ணனே கேட்டாரு, இன்னாடா தூக்கலா இருக்குதேன்னு. வாரா வாரம் மேடம் கையெழுத்துப் போடறாங்களே, அவங்க பாக்காததான்னு சொன்னேன். அவரும் செரின்ட்டாரு.” வடிவேல் அழுதுவிட்டார். “நீங்க பாக்கறீங்கன்னு நெனச்சிட்டேன் மேடம்.”

ஏவ்லின் நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய கையெழுத்து இருந்தது.

பத்திரிகைக்குப் பதில் மறுநாளே போய்விட்டது, படத்தோடு. மெஷின்கள் மிகச் சரியாக இயங்கின என்று எழுதினார். அதில் பொய் எதுவும் இல்லை. முதலியார்பேட்டைக்குப் போகத்தான் பதினாறு நாள் ஆனது. மையத்திலிருந்து சைக்கிளில் போனாலே கால் மணி நேரம். முதல் வாரம் வடிவேலிடம் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொடுத்தனுப்பினார். ஒரு நாள் தெருமுனை வரை போய்விட்டு, மருந்துக் கடையில் தேவையில்லாமல் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினார். யார் கேட்கப்போகிறார்கள்? நோட்டு அவருடைய அலமாரியில். வடிவேல் வாயைத் திறக்க மாட்டார். ‘யாருக்கும் முன்கூட்டித் தெரியாது’ என்று ஆஸ்பத்திரி வாசலில் சொன்னதை மணியம்மாள் நம்பிக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டால் அது அவர் ஆயுசுக்கும் நிற்கும். அதுதான் ஏவ்லினைத் தூங்கவிடவில்லை.

பதினேழாம் நாள் சாயங்காலம் கடைசி நோட்டையும் ஒரு மெஷினையும் பையில் போட்டுக்கொண்டு போனார். பையை அவரே தூக்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கூடத்தில் பக்கிரி ப்ளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் பாதி சிரித்தது. மணியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, ஸ்டூலைத் தட்டிப் போட்டார்.

“வாங்க டாக்டரம்மா. ஒங்களப் பத்திதான் எப்பவும் பேசினு இருப்பாரு. பேச்சு இருந்தப்ப.” டீயைக் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். “தைப்பொங்கலுக்கு முன்னாடி ஒரு மாசமா தலவலி, கிறுகிறுப்பு. பின்மண்டையில இடிக்குதும்பாரு. நான் தலதலையா அடிச்சிக்கினேன், ஆஸ்பத்திரிக்கு வான்னு. கேட்டாத்தானே? ‘அடி போடி, என்னைய டெய்லி அஞ்சு தடவ பாக்கறாங்க, வாரத்துக்கு ஒரு தடவ டாக்டரம்மாவே பாக்கறாங்க. எதுனா இருந்தா சொல்ல மாட்டாங்களா’ம்பாரு. அதான் நானும் செரின்னு விட்டுட்டேன். நீங்க பாத்தப்பவே ஒண்ணும் இல்லன்னா, அப்பறம் அது எங்க விதி, இல்லிங்களா?”

அவர் மறைக்க நினைத்ததைவிட உண்மை பெரியதாக இருந்தது. பார்க்காமல் விட்டதோடு போகவில்லை. தினமும் பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கையே பக்கிரியை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தடுத்திருந்தது. தெருவில் போகிற யாரோ ஒருவராக அவர் இருந்திருந்தால், முதல் வருடமே இல்லாவிட்டாலும் மூன்றாம் வருடத்தில் சிவப்புச் சீட்டு கிடைத்திருக்கும்.

இப்போதும் ‘ஆமாம் மணியம்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். டம்ளரைத் தரையில் வைத்தார்.

“இல்ல மணியம்மா. அன்னிக்கு நான் உங்ககிட்ட சொன்னது தப்பு. இது முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ரெண்டு வருஷமா எங்க நோட்டுலயே இருந்திருக்கு.”

நோட்டைப் பிரித்துக் காட்டினார். எதையும் மென்று விழுங்காமல், மெஷின், கை, எண் என்று முழுவதையும் சொன்னார். மணியம்மாளுக்கு எண் படிக்கத் தெரியும். நூற்று எழுபது, நூற்று எழுபத்து நான்கு என்று முணுமுணுத்தபடி விரலை நகர்த்திக் கடைசிக் கட்டத்தில் நிறுத்தினார்.

“இது இன்னா? ரெண்டு, மூணுன்னு போட்டிருக்குது?”

“வித்தியாசம். மெஷினுக்கும் மெஷினுக்கும்.”

“நீங்க இதத்தான் பாத்தீங்களா?”

“ஆமாம்.”

“கீழ போட்டிருக்கிறது யாரு கையெழுத்து?”

“என்னுது.”

மணியம்மாள் நோட்டை மூடினார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவர் திட்டவில்லை, அழவும் இல்லை. திரும்பிப் புருஷனைப் பார்த்தார். “மெஷினுக்குக் காய்ச்சல் அடிச்சா ஒடனே தெரிஞ்சிருக்கும் ஒங்களுக்கு” என்றார். பிறகு நோட்டைத் தள்ளி வைத்தார். “செரி. இப்ப எவ்ளோ இருக்குதுன்னு பாருங்க. பாத்து, அவருகிட்டயே சொல்லிட்டுப் போங்க.”

ஏவ்லின் பையிலிருந்து மெஷினை எடுத்தார். அந்தச் சத்தம் கேட்டதுமே பக்கிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கையால் வலது கையைத் தூக்கிப் பக்கத்து ஸ்டூலில் வைத்தார். அது சரிந்து விழுந்தது. மறுபடி தூக்கி வைத்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு என்று சுருட்டிவிட்டுக்கொண்டார்.

“அந்தக் கை வேணாம் பக்கிரி. இடது கைய குடுங்க.”

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். வலது கைதான். ஏவ்லின் அந்தக் கையிலேயே பட்டையைக் கட்டினார். மெஷின் உறுமி, காற்றை விட்டு, எண்ணைக் காட்டியது.

“நூத்தி அம்பத்தெட்டு, பக்கிரி. கீழ தொண்ணூத்தி நாலு. இது அதிகம். நாளைக்கு நானே வந்து உங்கள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.” நான்கு வருடத்தில் அவருடைய எண்ணை அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. “என்னை மன்னிச்சிடுங்க.”

பக்கிரி கவனமாகக் கேட்டுக்கொண்டார். கேட்டது எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. ஏவ்லின் பட்டையை அவிழ்த்துச் சுருட்டி, மெஷினைப் பையில் வைத்து மூடினார். பக்கிரியின் கை ஸ்டூலிலேயே நீட்டியபடி இருந்தது. சட்டையை இறக்கிவிடலாம் என்று ஏவ்லின் கிட்டே போனார். பக்கிரி இடது கையால் தடுத்துவிட்டுப் பையையே பார்த்தார்.

மணியம்மாளுக்குத்தான் முதலில் புரிந்தது.

“இன்னும் நாலு மெஷினு இருக்குதுன்னு உக்காந்துனு இருக்காரு டாக்டரம்மா” என்றார்.